நுரையீரல் பயாப்ஸியில் பூஞ்சையைப் படிப்பது எப்படி? பெத்தாலஜிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எம்.டி. பெத்தாலஜி முதல் வருடம் சேர்ந்திருக்கிறீர்கள், நுரையீரல் பயாப்ஸி ஸ்லைடு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, கூட வந்த ஃபார்மில் டி.பி.யா, ஃபங்கஸா, கேன்சரா என்று மூன்றையும் எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள் என்றால் இது உங்களுக்குத்தான். பாடப்புத்தகத்தில் பூஞ்சைகளுக்கு அழகான ஓர் அட்டவணை இருக்கும். அளவு, கிளை, மொட்டு, ஸ்டெயின் எல்லாம் கட்டம் கட்டமாக. அதை மனப்பாடம் செய்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தால் எதுவுமே அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. ஸ்லைடில் நாம் பார்ப்பதில் பாதிதான் பூஞ்சை, மீதி அந்த நோயாளியின் உடம்பு அதற்குக் காட்டிய எதிர்ப்பு. அதே அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைதான், ஆஸ்துமா உள்ளவரிடம் ஒரு மாதிரி, பழைய டி.பி. குழி உள்ளவரிடம் இன்னொரு மாதிரி, கீமோ போய் வெள்ளணு விழுந்தவரிடம் முற்றிலும் வேறு மாதிரி. அதனால் முதலில் ஆளைப் பாருங்கள், அடுத்து திசுவைப் பாருங்கள், பூஞ்சையின் பெயர் கடைசியில் வரட்டும். கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

ஸ்லைடுக்கு முன்னால்

பிராங்காஸ்கோபி அறையில் எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டால் கல்ச்சர் கதை அங்கேயே முடிந்தது, ஃபார்மலினில் விழுந்த பூஞ்சை வளராது. ஒரு துண்டாவது ஸ்டெரைல் சலைனில் மைக்ரோபயாலஜிக்குப் போக வேண்டும். இதை நுரையீரல் பிரிவு பி.ஜி.க்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், ஸ்லைடு பார்த்த பிறகு பேசிப் பயனில்லை.

மியூக்கர் (செய்திகளில் 'கறுப்புப் பூஞ்சை' என்று வந்தது) சந்தேகம் இருந்தால் மைக்ரோபயாலஜி ஃபார்மில் அதைத் தனியாக எழுதுங்கள். மியூக்கர் வகைப் பூஞ்சைகளின் இழைகளில் குறுக்குச்சுவர் அநேகமாகக் கிடையாது. திசுவை அரைத்தால் இழை கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து செத்துவிடும். அரைக்காமல் பிளேடால் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். ஸ்லைடு நிறைய இழை இருந்தும் கல்ச்சர் நெகட்டிவ் என்று வருகிற வழக்கமான தலைவலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு, கூடவே பூஞ்சைச் சுவரை ஒளிர வைக்கும் கால்கோஃப்ளோர் சாயம் சேர்த்துப் பார்த்தால் இழை இருக்கிறதா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அவசரக் கேஸில் நம் ரிப்போர்ட்டைவிட அது முந்திக்கொள்ளும், அதில் ரோஷப்பட ஒன்றுமில்லை.

ஆள் யார்?

அஸ்பர்ஜில்லஸ் ஸ்போர் 2 முதல் 3 மைக்ரான்தான் இருக்கும், அதனால் மூச்சோடு காற்றறை வரைக்கும் போய்விடும். நாம் எல்லோரும் தினமும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். காற்றறையில் காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ்கள் ஸ்போரை விழுங்கிக் கொல்கின்றன. தப்பி முளைத்து இழையாக நீண்டுவிட்டால் அதைச் சமாளிப்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் வேலை. ஸ்டீராய்டு மேக்ரோஃபேஜைக் கெடுக்கிறது, கீமோ நியூட்ரோஃபிலைக் காலி செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

இதைப் புரிந்துகொண்டால் ஃபார்மில் இருக்கும் இரண்டு வரி வேறு மாதிரி தெரியும். ரத்தப் புற்றுநோய், நியூட்ரோஃபில் 500க்குக் கீழே என்றால் இழைப் பூஞ்சையைத் தேடுங்கள். எச்.ஐ.வி., சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே என்றால் நியூமோசிஸ்டிஸ், இன்னும் கீழே போனால் கிரிப்டோகாக்கஸ். அங்கே குறைவது டி செல் என்பதால் எதிரியும் வேறு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, கீட்டோஅசிடோசிஸில் வந்தார் என்றால் மியூக்கர். ரத்தம் அமிலமாகும்போது டிரான்ஸ்ஃபெரின் பிடித்து வைத்திருக்கும் இரும்பு தளர்ந்து வெளியே வருகிறது, மியூக்கருக்கு அது விருந்து. இந்தியாவில் மியூக்கர் அதிகம் தெரிவதற்கு நம் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கையை விட்டால் வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. 2021இல் கோவிட் இரண்டாம் அலையில் ஸ்டீராய்டும் அதோடு சேர்ந்துகொண்டது, அந்த மே மாதம் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டு, மியூக்கரைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்க வைத்தது.

ஃபார்மில் இதெல்லாம் எழுதியிருக்காது. 'இருமல், காய்ச்சல், ஆர்.யூ.எல். ஒபாசிட்டி' (வலது மேல் மடலில் நிழல்) என்று மட்டும் இருக்கும். வார்டுக்குப் போன் போடுங்கள். சர்க்கரை, ஸ்டீராய்டு, எச்.ஐ.வி., பழைய டி.பி., எந்த ஊர், எங்கே வேலை பார்த்தார், வீட்டில் புறா உண்டா என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு ஸ்லைடைப் போடுங்கள்.

லோ பவரில் திசு என்ன சொல்கிறது?

எடுத்த எடுப்பில் 40எக்ஸுக்குத் தாவுவது எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். வேண்டாம். 4எக்ஸில் எச் அண்ட் ஈ (வழக்கமான அடிப்படை ஸ்டெயின்) ஸ்லைடு முழுவதையும் ஒரு சுற்று வாருங்கள். பூஞ்சை கண்ணில் படாது, அது இப்போது தேவையும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: திசு உயிரோடு இருக்கிறதா, செத்திருக்கிறதா, செத்தது என்றால் எப்படிச் செத்தது?

அஸ்பர்ஜில்லஸை வைத்தே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று நான்கு வேஷமும் போடுவது அதுதான்.

மூச்சுக்குழாய் முழுக்கக் கெட்டியான சளி, அதில் இயோசினோஃபில்கள் அடுக்கடுக்காக, நடுவே கூரான சிவப்பு ஊசி மாதிரி சார்கோ லேடன் படிகங்கள், சுவரில் வீக்கம் என்று இருந்தால் அது ஒவ்வாமை வகை, ஏ.பி.பி.ஏ. என்று சொல்வோமே, அது. இழை மிகக் குறைவாக, அதுவும் உடைந்து கிடக்கும், சில சமயம் ஜி.எம்.எஸ். (பூஞ்சைச் சுவரைக் கறுப்பாக்கும் வெள்ளி ஸ்டெயின்) போட்டு வெகுநேரம் தேடினாலும் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். முக்கியமாக, இழை திசுவுக்குள் நுழையாது. இந்த நோயாளிக்கு அடிப்படை மருந்து ஸ்டீராய்டு.

அடுத்தது குழிக்குள் உருளும் ஃபங்கஸ் பால். டி.பி. ஆறிப்போய் மேல் மடலில் ஒரு குழி விட்டுப் போயிருக்கும், அதில் அஸ்பர்ஜில்லஸ் குடியேறி இழை மேல் இழையாகப் பந்தாகச் சுருண்டிருக்கும். பந்தின் நடுவில் பெரும்பாலும் செத்த இழைகள். அவை வீங்கிக் கோணலாக இருப்பதால் மியூக்கர் என்று தப்பாகச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு, ஓரத்தில் இருக்கும் உயிருள்ள இழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குழியில் காற்று இருப்பதால் ஸ்போர் தாங்கிய தலைகளும் சில சமயம் தெரியும், தெரிந்தால் அதிர்ஷ்டம்தான், திசுவை வைத்தே அஸ்பர்ஜில்லஸ் என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல அது ஒன்றுதான் வழி. குழியின் சுவரில் ரத்தக்குழாய்கள் பெருத்து நிற்கும், நோயாளி ரத்தம் துப்புவது அதனால்தான். நம் ஊரில் டி.பி. மருந்து முடித்தவர் மறுபடி ரத்தம் துப்பினால், சளியில் கிருமி இல்லாவிட்டாலும் மறுபடி டி.பி. மருந்தையே ஆரம்பிப்பது நிறைய நடக்கிறது. ரத்தத்தில் அஸ்பர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி. பார்க்கச் சொல்லி உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் அந்த நோயாளிக்குப் பல மாதம் மிச்சம்.

மூன்றாவது உயிரை எடுப்பது. நியூட்ரோஃபில் இல்லாதவரின் நுரையீரலில் இழைகள் மூச்சுக்குழாய்ச் சுவரைத் துளைத்து, பக்கத்தில் ஓடும் தமனிக்குள் புகுந்து, அங்கே ரத்தம் உறைந்து, அந்தத் தமனி ஊட்டிய பகுதி செத்துப்போகிறது. லோ பவரில் நடுவே வெளிறிய செத்த திசு, சுற்றிலும் ரத்தக்கசிவு வளையம். சி.டி.யில் ஹேலோ என்று ரேடியாலஜிக்காரர்கள் சொல்வது இந்த வளையத்தைத்தான், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகுங்கள். செத்த திசு இவ்வளவு இருந்தும் அழற்சி செல்கள் அநேகமாக இருக்காது. வர ஆள் இருந்தால்தானே வரும். நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறும்போது அந்தச் செத்த பகுதி சுருங்கிப் பிறை வடிவில் காற்று தெரியும், நோயாளி தேறி வருகிறார் என்று நினைக்கும் அந்தக் கட்டத்தில்தான் திடீரென்று பெரிய ரத்தப்போக்கும் வரும்.

ஒவ்வாமை வகையில் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும், இந்த மூன்றாவதில் ஸ்டீராய்டைக் குறைத்துப் பூஞ்சை மருந்தை உடனே ஆரம்பிக்க வேண்டும். கிருமி அதே கிருமி. அதனால் திசுவுக்குள் நுழைந்திருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்பதை எழுதாத ரிப்போர்ட், பூஞ்சையின் பெயரைச் சரியாகவே சொல்லியிருந்தாலும், அரைகுறைதான்.

கிரானுலோமா, அதாவது மேக்ரோஃபேஜ்கள் திரண்ட முடிச்சு, தெரிந்தால் பாதை மாறும். ஈஸ்ட் வகைகளையும் (இழையாக நீளாமல் தனிச் செல்லாக இருக்கும் பூஞ்சைகள்) டி.பி.யையும் ஒன்றாகத் தேட வேண்டும், டி.பி. கிருமிக்கான இசட்.என். ஸ்டெயினும் ஜி.எம்.எஸ்.ஸும் சேர்த்தே கேளுங்கள், இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. காற்றறைகள் முழுக்க நுரைத்த இளஞ்சிவப்புப் பொருள் நிரம்பியிருந்தால் நியூமோசிஸ்டிஸ்.

ஸ்டெயின், அப்புறம் அளவுகோல்

ஜி.எம்.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அதன் பொய்களும் புரியும். குரோமிக் அமிலம் பூஞ்சைச் சுவரில் உள்ள பாலிசாக்கரைடை ஆக்சிகரணம் செய்து ஆல்டிஹைடு ஆக்குகிறது, அது வெள்ளியைப் படிய வைக்கிறது, சுவர் கறுப்பாகத் தெரிகிறது. ஆல்டிஹைடு வேறு எங்கே உண்டானாலும் அங்கேயும் வெள்ளி படியும், மியூசின், எலாஸ்டிக் நார் எல்லாம் கறுக்கும். சூடான வெள்ளிக் கரைசலில் அதிக நேரம் விட்டால் ஸ்லைடே கறுப்பு, சீக்கிரம் எடுத்துவிட்டால் ஹிஸ்டோபிளாஸ்மா தெரியாமலே போகும். கன்ட்ரோல் ஸ்லைடைப் பார்க்காமல் நெகட்டிவ் என்று சொல்லாதீர்கள்.

கரித்தூள் இன்னொரு தொல்லை. வருடக்கணக்கில் விறகடுப்பில் சமைத்த அம்மாக்களின் நுரையீரலில் கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும், ஜி.எம்.எஸ்.ஸில் அதுவும் கறுப்பு, ஈஸ்டும் கறுப்பு. அதே இடத்தை எச் அண்ட் ஈ ஸ்லைடில் போய்ப் பாருங்கள், அங்கேயும் கறுப்பாக இருந்தால் அது கரி.

அளவு பார்க்க மைக்ரோமீட்டர் இல்லையென்றால் ரத்தச் சிவப்பணு போதும், அது சுமார் 7 மைக்ரான். அதைவிடச் சின்னதா, சமமா, பெரிதா என்ற ஒரு கேள்வியிலேயே ஈஸ்ட் வகைகளில் பாதி பிரிந்துவிடும்.

இழை என்றால்

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய முடிவு அஸ்பர்ஜில்லஸ் மாதிரியா, மியூக்கர் மாதிரியா என்பதுதான். அஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூக்கரிடம் பலிக்காது, அதற்கு ஆம்போடெரிசின் பி வேண்டும், முடிந்தால் அறுவை சிகிச்சையும். ரத்தத்தில் பார்க்கும் பூஞ்சைச் சுவர்ப் பொருள்களான கேலக்டோமன்னன், பீட்டா டி குளூக்கன் இரண்டும் மியூக்கரில் பாசிட்டிவ் ஆகாது என்பதால் கிளினிக்கல் பக்கத்தில் உள்ளவர்கள் ஸ்லைடை நம்பித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அஸ்பர்ஜில்லஸ் இழை 3 முதல் 6 மைக்ரான், இரு சுவரும் இணையாக ஓடும், இடையிடையே குறுக்குச்சுவர், கிளைகள் ஏறக்குறைய 45 டிகிரியில் பிரிந்து எல்லாம் ஒரே திசையில் போகும். மியூக்கர் இழை அகலம், 5 முதல் 20 மைக்ரான் வரை, ஒரே இழையிலேயே இங்கே அகலமாகவும் அங்கே ஒடுங்கியும் இருக்கும், ரிப்பன் போல மடிந்து முறுக்கிக்கொள்ளும், கிளை 90 டிகிரிக்குப் பக்கத்தில். ஜி.எம்.எஸ்.ஸில் மியூக்கர் மங்கலாகத்தான் ஏறும், பல சமயம் எச் அண்ட் ஈயிலேயே நன்றாகத் தெரியும். நரம்பைச் சுற்றிப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.

கோணத்தை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய சுவருள்ள மியூக்கர் மடிந்தால் அந்த மடிப்பு குறுக்குச்சுவர் மாதிரியே தெரியும், ஸ்லைடு வெட்டிய விதத்தில் 45 டிகிரியும் 90 ஆகும். நான் முதலில் பார்ப்பது அகலம் சீராக இருக்கிறதா என்பதை. அது அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. இன்னொன்று, ஃபியூசேரியம், சீடோஸ்போரியம் இரண்டும் திசுவில் அஸ்பர்ஜில்லஸ் மாதிரியே இருக்கும், மருந்துக்குப் பணிவதில் மட்டும் வித்தியாசம். ஆகவே ஸ்லைடைப் பார்த்து அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்று இனப்பெயர் வரைக்கும் எழுதுவது வெறும் ஜம்பம். ஒரே ஒரு சின்ன உதவி உண்டு: செத்த திசுவில் போலரைஸ் செய்து பார்க்கும்போது கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் பளிச்சென்று விசிறியாகத் தெரிந்தால் அஸ்பர்ஜில்லஸ், அதிலும் நைகர் வகை, என்று சந்தேகம் வலுக்கும்.

மிக மெல்லிய, 1 மைக்ரான் அளவு இழையாக இருந்தால் அது பூஞ்சையே இல்லை. நொகார்டியா, ஆக்டினோமைசிஸ் மாதிரி பாக்டீரியா. ஜி.எம்.எஸ்.ஸில் அவையும் கறுக்கும்.

ஈஸ்ட் என்றால்

சிவப்பணுவைவிடச் சின்னது, 2 முதல் 4 மைக்ரான், மேக்ரோஃபேஜுக்குள் கூட்டமாக, குறுகிய கழுத்தோடு மொட்டு: ஹிஸ்டோபிளாஸ்மா. அமெரிக்காவின் ஓஹையோ, மிசிசிப்பிப் பள்ளத்தாக்குகள் அதன் சொந்த ஊர் என்று படித்திருப்பீர்கள், ஆனால் நம் நாட்டிலும் கங்கைச் சமவெளியில், குறிப்பாக மேற்கு வங்கத்தில் உண்டு. வௌவால் எச்சம் குவிந்த குகைக்குப் போனாரா என்று கேளுங்கள். சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் பனாமா கால்வாய் வெட்டிய காலத்தில், 1905இல், டி.பி. என்று நினைத்த ஒரு தொழிலாளியின் பிரேதப் பரிசோதனையில்தான் இதை முதலில் பார்த்தார். லீஷ்மேனியா போன்ற ஒற்றைச்செல் உயிரி என்று அவர் நினைத்துவிட்டார், செல்லைச் சுற்றித் தெரிந்த வெற்றிடத்தை உறை என்றும் எடுத்துக்கொண்டார். அது திசு பதப்படுத்தும்போது செல் சுருங்குவதால் வரும் இடைவெளி. இன்றைக்கும் அதே குழப்பம் வரும்: லீஷ்மேனியா ஜி.எம்.எஸ்.ஸில் ஏறாது, அதில் கைனட்டோபிளாஸ்ட் என்ற சிறு கோடு தெரியும், அதை வைத்துப் பிரியுங்கள். ஆறிப்போன பழைய கிரானுலோமாவில் எச் அண்ட் ஈயில் ஒன்றுமே தெரியாது, ஜி.எம்.எஸ். போட்டால் செத்த நடுப்பகுதியில் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். இதே அளவில், மொட்டு இல்லாமல் நடுவே குறுக்குக்கோடு போட்டு இரண்டாகப் பிரிந்தால் டேலரோமைசிஸ். தென்கிழக்கு ஆசியாவிலும், நம் பக்கம் மணிப்பூரிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் பார்ப்பது.

4 முதல் 10 மைக்ரான், ஒன்று பெரிது ஒன்று சிறிதாக, சுற்றிலும் வெற்றிடத்தோடு மிதந்தால் கிரிப்டோகாக்கஸ். மியூசிகார்மினில் உறை சிவப்பாகும். உறை இல்லாத ரகமும் உண்டு, அப்போது ஃபான்டானா மேசன் போடுங்கள், சுவரில் உள்ள மெலனின் கறுக்கும். எதிர்ப்புச் சக்தி உள்ளவரிடம் கட்டுக்கோப்பான கிரானுலோமா, எய்ட்ஸ் நோயாளியிடம் அழற்சியே இல்லாமல் ஈஸ்ட் மட்டும் கூட்டமாக. நியோஃபார்மன்ஸ் புறா எச்சத்தோடு தொடர்புடையது. அதன் உறவான கேட்டி (gattii) என்ற இனம் தைல மரத்தில் இருப்பதை 1990இல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள், நல்ல ஆரோக்கியமானவர்களையும் அது பிடிக்கும்.

8 முதல் 15 மைக்ரான், தடித்த சுவர், அகலமான அடியோடு மொட்டு என்றால் பிளாஸ்டோமைசிஸ். 20 முதல் 100 மைக்ரான் வரை பெரிய கோளம், உள்ளே நிறைய சின்ன ஸ்போர் என்றால் காக்சிடியாய்டிஸ், அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம் போய்வந்தவரா என்று கேட்க வேண்டியது. இரண்டும் நம் ஊரில் அபூர்வம், அதிகம் மெனக்கெட வேண்டாம்.

கேண்டிடா பற்றி ஒரு வார்த்தை. சளியில் கேண்டிடா வளர்ந்தது என்று ரிப்போர்ட் வந்தால் பெரும்பாலும் அது வாயில் இருந்து வந்தது. நிஜமான கேண்டிடா நிமோனியா அபூர்வம், திசுவுக்குள் ஈஸ்டும் பொய் இழையும் சேர்ந்து, அழற்சியோடு இருந்தால் மட்டுமே அப்படிச் சொல்லுங்கள்.

நியூமோசிஸ்டிஸ் ஈஸ்ட் மாதிரி இருந்தாலும் மொட்டு விடாது. 5 முதல் 7 மைக்ரான், நசுங்கிய கிண்ண வடிவம், ஜி.எம்.எஸ்.ஸில் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததாக வெளியான குறிப்புதான் எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு. அப்போதெல்லாம் இதையும் ஒற்றைச்செல் உயிரி என்றுதான் நினைத்திருந்தார்கள், 1988இல் ஆர்.என்.ஏ. ஒப்பிட்டுப் பார்த்துப் பூஞ்சை என்றார்கள். ஆனாலும் இதன் சவ்வில் எர்கோஸ்டிரால் இல்லை, அதனால் ஆம்போடெரிசின் வேலை செய்யாது, கோட்ரைமாக்சசோல்தான் மருந்து. சாதாரணக் கல்ச்சரில் வளரவும் வளராது, எனவே இங்கே உங்கள் கண்ணுக்குப் பொறுப்பு அதிகம்.

பருப்பும் பூஞ்சை வேஷம் போடும்

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பருப்பு சாதம் ஊட்டும்போது கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பருப்பு செல்லின் சுவர் பி.ஏ.எஸ். (பாலிசாக்கரைடைச் சிவப்பாக்கும் ஸ்டெயின்), ஜி.எம்.எஸ். இரண்டிலும் ஏறும், சுற்றிலும் ராட்சத செல்கள், உள்ளே ஸ்டார்ச் உருண்டைகள். பார்க்கக் காக்சிடியாய்டிஸ் கோளம் மாதிரியே இருக்கும். நம் ஊர் நோயாளி, வெளிநாடு போனதில்லை, கீழ்மடலில் நோய், படுத்த படுக்கை என்றால் முதலில் சாப்பாட்டைச் சந்தேகப்படுங்கள். காற்றறைகளில் கிடக்கும் கார்போரா அமைலேசியா என்ற உருண்டைகளும் பி.ஏ.எஸ்.ஸில் ஏறும், ஆனால் சிவப்பணுவைவிடப் பல மடங்கு பெரிது, மொட்டும் இருக்காது.

ரிப்போர்ட்டில் எழுதுவது

இந்த வரிசையில் எழுதுங்கள்: திசுவில் என்ன எதிர்வினை, பூஞ்சை இழையா ஈஸ்டா, அளவு, கிளை அல்லது மொட்டின் விதம், திசுவுக்குள், ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, எந்தெந்த ஸ்டெயின் போட்டீர்கள். அதன் பிறகு, 'குறுக்குச்சுவருள்ள நிறமற்ற இழைப் பூஞ்சை, அஸ்பர்ஜில்லஸும் அதை ஒத்தவையும் சாத்தியம், கல்ச்சரோடு ஒப்பிடவும்' என்ற அளவில் நிறுத்துங்கள். மியூக்கர் மாதிரி என்றால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள், ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்காமல் சிகிச்சை தரும் மருத்துவருக்குப் போனில் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் ரிப்போர்ட்டிலேயே போடுங்கள். ஜி.எம்.எஸ். நெகட்டிவ் என்றால் 'பூஞ்சை இல்லை' என்று எழுதாதீர்கள், 'இந்தத் துண்டில் காணப்படவில்லை' என்பதுதான் உண்மை, பிராங்காஸ்கோபித் துண்டு கடுகளவுதான் இருக்கும்.

காக்சிடியாய்டிஸ் என்று லேசாகத் தோன்றினாலும் மைக்ரோபயாலஜிக்கு உடனே சொல்லிவிடுங்கள். ஃபார்மலினில் போட்ட திசுவால் நமக்கு ஆபத்தில்லை, ஆனால் கல்ச்சர் தட்டில் வளர்ந்து அதைத் திறப்பவருக்கு மூச்சோடு போய்விடும் பூஞ்சை அது. ஹிஸ்டோபிளாஸ்மா கல்ச்சர் வர நான்கு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வந்ததும் உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து அடெண்டம் (பிற்சேர்க்கை) போட்டு, ஸ்லைடை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பிளாக்கோடு சேர்த்து ஃபைல் செய்யுங்கள்.